முப்பத்தேழாம் துளை

மூக்கையூர்ச் சாலையை அகலப்படுத்தத்
தேரியை வெட்டினார்கள்.
வெட்டுப்பட்ட செம்மண்
ஒன்பது மீட்டர் உயரத்தில் நின்றது.
நின்றது என்று நான் சொல்வது
எட்டு நாளைக்கு.
ஒன்பதாம் நாள் மதியம்
ஆட்டுக்குட்டி ஒன்று விளிம்பில் நடந்ததற்கே
ஒரு லாரி மண் இறங்கிவிட்டது.
குட்டி தும்மிக்கொண்டு எழுந்து போனது.

அதன் பிறகு என்னை அனுப்பினார்கள்.

மண்ணுக்கு ஆணி என்றால்
டீக்கடையில் சிரிக்கிறார்கள்.
அடிப்பதில்லை, துளைக்கிறோம்.
பதினைந்து டிகிரி கீழ்நோக்கி
எட்டு மீட்டர் உள்ளே.
நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் சிமெண்ட் பால்.
இறுகிய பிறகு கம்பி சும்மா கிடக்கும்.
மண் சரிய நினைக்கும்போதுதான்
அதற்கு உயிர் வரும்.
வெளியே நீங்கள் பார்க்கும் சுவர்
நாலு அங்குலச் சட்டை, அவ்வளவுதான்.

சிமெண்ட் பாலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும்.
மேட்டுத் தெருக் குழாய்த் தண்ணீரைப்
பாட்டிலில் பிடித்து மதுரைக்கு அனுப்பினேன்.
அறிக்கை வந்தது:
குளோரைடு அளவு மீறியது.
கம்பியை அரிக்கும்.
பயன்படுத்தத் தகாது.
கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்துவிட்டுக்
கமுதிப் பக்கமிருந்து டேங்கருக்குச் சொன்னேன்.

சரிவின் தலைமாட்டில் ரெக்சலின் வீடு.
விளிம்புக்கும் அவள் பின்வாசலுக்கும்
மூன்று எட்டு.
"உங்க ஆணி என் அடுப்படிக்குக் கீழே வருதா?"
வருது, ரொம்ப ஆழத்துல.
"அப்ப வாடகை உண்டா?"
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

டேங்கர் வந்த அன்று
காலிக் குடத்தோடு நின்றாள்.
"எங்க குழாய்த் தண்ணி இதுக்கு ஆகாதா?"
ஆகாது. துருப்பிடிச்சிடும்.
"எத்தனை வருசத்துல?"
இருபது. முப்பதுன்னு வச்சுக்கலாம்.
"எனக்கு முப்பத்தாறு."
அவ்வளவுதான் சொன்னாள்.
குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு
மேலே ஏறினாள்.
அவள் மிதித்த இடத்தில் மட்டும்
கொஞ்சம் மணல் உதிர்ந்தது.

டேங்கர் ஓட்டும் இபுராம்சா
என்னைப் பார்த்தார்.
நான் ட்ரில் இயந்திரத்தைப் பார்த்தேன்.
அதை ஓட்டும் பீதாம்பருக்குத் தமிழ் வராது,
ஆனால் எழுந்துபோய் ஹோஸின் முனையை எடுத்துச்
சரிவின் மேலே தூக்கிப் போட்டவன்
அவன்தான்.
இருட்டில் குடங்கள் நிறைய நிறைய
ஒவ்வொன்றின் குரலும்
மெல்ல மெல்ல உயர்ந்து அடங்கியது.

லாக் புக்கில் எழுதினேன்:
துளை எண் முப்பத்தேழு.
கழுவும்போது நீர் இழப்பு
ஆயிரத்து இருநூறு லிட்டர்.
உள்ளே வெற்றிடம் இருக்கலாம்.

சென்னையிலிருந்து ஆலோசகர் கூப்பிட்டார்.
வெற்றிடமா? தேரியிலா?
எதற்கும் பக்கத்தில் இன்னொன்று போடுங்கள்.
போடலாம் சார், என்றேன்.
அதற்கும் ஒரு டேங்கர் வேண்டும்.

அப்படிப் பிறந்தது முப்பத்தேழு-ஏ.
வரைபடத்தில் இல்லாத ஆணி.
துளைத்தபோது வந்த மண்
கெட்டியாக, ஈரமாக, குறையில்லாமல் வந்தது.
பீதாம்பர் ஒரு பிடி எடுத்து
என் முன்னால் உருட்டிக் காட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் இழுவைச் சோதனை.
ஜாக்கைப் பொருத்திப்
பன்னிரண்டு டன் வரை ஏற்றினோம்.
அறுபது நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.
டயலுக்கு முன் குந்தியிருந்தேன்.
கடற்காற்றில் உதடு கரித்தது.
மேலே, தலைக்கு நேர் மேலே,
ரெக்சலின் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கும் சத்தம்.
பிறகு கவிழ்த்து வைக்கும் சத்தம்.
ஊசி கால் மில்லிமீட்டர் நகர்ந்தது,
நின்றது.

அதை மட்டும்
உள்ளபடியே எழுதினேன்.